பெட்டி என்ன விலை?

கடைக்கு டெலிபோன் வைக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிற முதலாளிமார் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “பெட்டி என்ன விலை?” தொண்ணூறுகளின் கடைசியில் எம்பிலிப்பிட்டிய டவுனில் ஒரு டயர் கடைக்கு முதன்முதல் கம்பி இழுத்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். அரிசி ஆலைக்காரர் கேட்டார், உரக்கடைக்காரர் கேட்டார், உடவளவைக்கு யானை பார்க்க வருகிறவர்களுக்கு அறை கொடுக்கிற ஹோட்டல்காரர் கேட்டார். பெட்டி என்பது ஒரு லைனைப் பல மேசைக்குப் பிரிக்கிற பி.ஏ.பி.எக்ஸ். அதன் விலை தெரிந்தால் செலவு தெரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இந்தப் பக்கத்துக்கு டெலிபோன் வந்த கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால், எந்தக் காலத்திலும் அந்தக் கணக்கு சரிவந்ததில்லை.

கதை எம்பிலிப்பிட்டியவில் தொடங்கவில்லை. மேலே, மலையில் தொடங்குகிறது. எங்கள் குடும்பம் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டம். அப்பா பெக்டரியில் எஞ்சின் பார்த்தவர். தோட்டத்துக்குள் ஓடிய டெலிபோனும் அவர் தலையில்தான் விழுந்தது. அது ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் சுற்றுகிற கைபிடி, உள்ளே இரண்டு பெரிய பெட்டரி, ஒரு காந்த ஜெனரேட்டர். கைபிடியைச் சுற்றினால் கம்பியில் மாட்டியிருக்கிற எல்லாப் பெட்டியிலும் மணி அடிக்கும். பங்களாவுக்கு நீளமாக ஒன்று, பெக்டரிக்கு இரண்டு, ஆபீஸுக்கு மூன்று. எண்ணிப் பார்த்துத்தான் யாருக்கென்று தெரிந்துகொள்ள வேண்டும். தனக்கில்லாத மணிக்கும் மெதுவாக எடுத்துக் காதில் வைக்கலாம். துரை டீமேக்கரைத் திட்டுவதைப் பெரிய கிளாக்கர் தன் மேசையிலிருந்தே கேட்டுவிட்டு, அடுத்த நாள் டீமேக்கரிடம் ஒன்றும் தெரியாதவர் போலப் பேசுவாராம்.

பெட்டிகள் வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கியவை. ஒரு தடவை வாங்கினால் முப்பது நாற்பது வருடம் கிடக்கும். செலவு வைத்தது கம்பி. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கம்பி போவதோ நிழல் மரங்களில் அடித்த பீங்கான் குமிழ்கள் வழியாக. ஒவ்வொரு பெருமழைக்கும் எங்கேயாவது ஒரு கிளை விழும். அப்பா கையில் ஒரு கத்தி, இடுப்பில் குறடு, தோளில் ஒரு சுருள் கம்பியோடு மலை ஏறுவார். கூட ஒரு ஆளுக்குப் பேர் போட வேண்டும். அந்தச் சம்பளம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் வேறு வேலையாகப் பதியப்படும். அதனால்தானோ என்னவோ, அந்த டெலிபோனுக்கு வருடத்துக்கு என்ன செலவானது என்று எந்த ஆபீஸுக்கும் தெரியாது.

தோட்டத்தை விட்டு வெளியே போகிற லைன் ஒன்றே ஒன்று. அது டவுன் தபால் கந்தோர் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு. கொழும்பிலிருந்து தந்தி 1858இலேயே காலி வரை ஓடத் தொடங்கிவிட்டது. 1880களின் தொடக்கத்தில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற தனியார் கம்பெனி அங்கே எக்ஸ்சேஞ் வைத்தது. 1890களில் அரசாங்கம் அதை வாங்கித் தபால் தந்தித் திணைக்களத்தோடு சேர்த்துக்கொண்டது. கோட்டையில் இருந்த வங்கிகளும் கப்பல்காரரும் தோட்டங்களை நடத்திய ஜோர்ஜ் ஸ்டூவர்ட், விட்டல், கார்சன் கம்பர்பெட்ச் போன்ற ஏஜென்சிக் கம்பெனிகளும் பேசுவதற்கு உண்டான ஏற்பாடு அது. ஏலத்தில் தேயிலை என்ன விலை போனது, எத்தனை பெட்டி அனுப்ப வேண்டும், இந்தச் செய்திகளுக்காகத்தான் மலைக்குக் கம்பி ஏறியது. தொழிலாளர் லயத்தில் ஒருவருக்கு வருத்தம் என்றால் அந்தக் கம்பியில் பேச, பங்களா வரை ஏறிப்போய் சமையல்கார அப்புவிடம் சொல்லி, அப்பு துரையிடம் சொல்லி, துரைக்கு மனம் வர வேண்டும்.

1972ஆம், 1975ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு கம்பி அறுந்தால் அறுந்ததுதான். செம்புக்கு விலை வந்தபோது மிச்சக் கம்பியையும் யாரோ சுருட்டிக்கொண்டு போனார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது செய்தி ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு ஓடி வந்த ஆள் மூலம்தான் தெரிந்தது. அதற்கப்புறம் சொந்தக்காரர் பலர் வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். அப்பா கொடகவெல வழியாகக் கீழே இறங்கி, எம்பிலிப்பிட்டியவில் ஒரு அரிசி ஆலையில் எஞ்சின் பார்க்கப் போனார்.

அந்த ஊர் வேறு மாதிரி. மேலே மழை நிற்காது. கீழே வரண்ட வலயம். 1960களின் கடைசியில் உடவளவைக் குளம் கட்டி, வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு எழும்பிய டவுன் அது. நெல், வாழை, செவனகலைப் பக்கம் கரும்பு. 1978இல் வைக்கோலை அரைத்துக் கடதாசி செய்கிற ஆலைகூட வந்தது. ஆலையும் லொறியும் லேண்ட் மாஸ்டரும் பெருகின வேகத்துக்கு டெலிபோன் பெருகவில்லை. 1990இல் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலே நூறு பேருக்கு ஒரு இணைப்புக்கூடக் கிடையாது. அதிலும் பெரும் பங்கு கொழும்பில். விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். கடை விற்பனைக்கு வந்தால் “டெலிபோன் லைனோடு” என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள்.

லைன் இருந்தவர்களும் எக்ஸ்சேஞ்சைத் தாண்ட முடியாது. கொழும்புப் புறக்கோட்டைக்கு அரிசி விலை கேட்க வேண்டுமானால் காலையில் ட்ரங்க் கோல் பதிய வேண்டும். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. அவசரம் என்றால் ‘அர்ஜன்ட்’ சொல்லிக் கூடக் காசு கட்ட வேண்டும். எந்த ஊரிலும் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற ஒபரேட்டரோடு நல்ல உறவு வைத்திருப்பது வியாபாரத்தில் ஒரு பகுதி. சித்திரை வருடப்பிறப்புக்கு எந்தெந்த முதலாளி வீட்டிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டியும் கித்துள் பாணியும் யாருக்குப் போகும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். அதையும் டெலிபோன் செலவில்தான் சேர்க்க வேண்டும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது.

நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது வியாபாரிக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கேன்சஸ் சிட்டியில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று சவப்பெட்டிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். தனக்கு வர வேண்டிய கோல்களை ஒபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அந்தக் கோபத்தில் ஒபரேட்டரே தேவையில்லாத தானியங்கிச் சுவிட்சைக் கண்டுபிடித்து 1891இல் உரிமம் பெற்றார் என்று சொல்வார்கள். உலகத்தில் பல இடங்களில் எழுபது எண்பது வருடம் ஓடியது அவருடைய சுவிட்ச்தான். அது கொழும்புக்கு வந்து, பிறகு மாகாணங்களுக்கு ஊர்ந்து வந்தது. ஒபரேட்டர் போய்விட்டாலும் இறக்குவானை மாணிக்க வியாபாரிகள் இன்றைக்கும் போனில் விலை பேசமாட்டார்கள். “வாங்க, நேரில் பார்ப்போம்” என்பார்கள். அந்தப் பழக்கத்தில் பாதி, நடுவில் ஒரு காது இருந்த காலத்தின் மிச்சம் என்றுதான் நினைக்கிறேன்.

1988, 89 கிளர்ச்சிக் காலத்தில் லைன் இருந்தும் பிரயோசனம் இல்லை. கடையைத் திறப்பதா மூடுவதா என்று சொன்னது கதவிடுக்கில் வந்து விழுந்த துண்டுக் கடதாசி. கையெழுத்து இல்லாத அந்தக் கடதாசிக்கு டவுன் முழுவதும் அடங்கியது. அந்தக் காலத்தைப் பற்றி எம்பிலிப்பிட்டியவில் யாரும் நீளமாகப் பேசமாட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது. நானும் இதோடு விடுகிறேன்.

ஊருக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. எம்பிலிப்பிட்டிய இரத்தினபுரி மாவட்டம், கச்சேரி இரத்தினபுரியில். ஆனால் டெலிபோன் கணக்கில் அது அம்பாந்தோட்டையோடு சேர்ந்தது. இரத்தினபுரி, இறக்குவானை, கொடகவெல எல்லாம் 045, எம்பிலிப்பிட்டிய 047. தெற்கே கடற்கரையில் இருக்கிற அம்பலாந்தோட்டையும் தங்காலையும் எங்களுக்கு ஒரே கோட். அரிசிக்கும் வாழைக்காய்க்கும் எங்களை நம்பியிருக்கிற மலைத் தோட்டங்கள் வெளியூர். தோட்டத்துக் கூட்டுறவுக் கடை மெனேஜர் ஒரு மூட்டை அரிசிக்கு விலை கேட்கப் போனை எடுத்தால் சைபரும் கோட்டும் சேர்த்துச் சுற்ற வேண்டும். அதனால் மேலிருந்து வருகிற பெரிய ஓடர்கள் ரொம்ப நாளைக்கு லொறி டிரைவர் சட்டைப்பையில் சீட்டாகத்தான் வந்தன.

1991இல் திணைக்களம் ஸ்ரீலங்கா டெலிகொம் ஆனது. 1996இல் சன்டெல், லங்கா பெல் இரண்டுக்கும் கம்பியில்லாத நிலைத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. 1997இல் ஜப்பானின் என்.டி.டி. கம்பெனி டெலிகொமில் 35 வீதப் பங்கை வாங்கியது. பத்திரிகையில் இவை பெரிய செய்திகள். எங்கள் பக்கத்தில் அந்தப் பத்து வருடத்தின் பெரிய விசயம் கொமினிகேசன் கடை.

ஒரு லைன், ஒரு பெக்ஸ் மெசின், ஒரு போட்டோகொப்பி மெசின், மரப்பலகையில் அடைத்த ஒரு சின்ன அறை. லைன் கிடைத்த ஒருவர், கிடைக்காத நூறு பேருக்கு நிமிடக் கணக்கில் விற்றார். வெளியே போகிற கோலைவிட உள்ளே வருகிற கோலில்தான் கூட்டம். தோட்டத்துப் பெண்கள் குவைத்துக்கும் றியாதுக்கும் வீட்டு வேலைக்குப் போன காலம் அது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கிருந்து கோல் வரும். “பத்தாம் நம்பர் லயத்துல எங்க அம்மாவக் கூப்பிடுங்கண்ணே, அரை மணித்தியாலத்துல திரும்ப எடுக்கிறேன்” என்று ஒரு குரல் அவசரமாகச் சொல்லி வைக்கும். கடைப் பையன் சைக்கிளை மிதிப்பான். தாய் புடவையை மாற்றிக்கொண்டு வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பார். பேசிய நிமிடத்துக்கு ஒரு காசு, பையன் போய்வந்ததற்கு ஒரு காசு, லைனை அதுவரை சும்மா வைத்திருந்ததற்கும் சில இடங்களில் ஒரு காசு. கோல் வராமல் போனாலும் பையன் காசைக் கொடுக்க வேண்டும். வியாபாரத்துக்கு டெலிபோன் என்றால் என்ன என்பதை நான் படித்தது அந்த வாங்கில்தான்; அப்படி ஓடிய பையன்களில் நானும் ஒருவன்.

லைன் உள்ள முதலாளிமார் இன்னொரு கவலையில் இருந்தார்கள்: கடைப் பையன்கள். சுற்றுகிற டயலில் ஒரு துளைக்குள் சின்னப் பித்தளைப் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்வார்கள். பையன்களுக்கு அது ஒரு தடையே இல்லை. டயல் செய்கிற வேலையெல்லாம் லைனை விட்டு விட்டுத் துண்டிப்பதுதான். மூன்று என்றால் மூன்று தரம், சைபர் என்றால் பத்துத் தரம். அதையே ரிசீவர் வைக்கிற கொக்கியில் விரலால் தட்டினாலும் எக்ஸ்சேஞ் நம்பும். தாளம் பிசகாமல் தட்டத் தெரிந்தவன் பூட்டுக்கு மேலாலேயே அம்பலாந்தோட்டைக்குப் பேசிவிடுவான். அந்தக் காலத்து பில்லில் எந்த நம்பருக்கு என்ற விவரம் வராது. மீட்டர் ஓடிய கணக்கு மட்டும்தான். மாதக் கடைசியில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

பி.ஏ.பி.எக்ஸ். என்கிற பெட்டிக்கு எங்கள் ஊரில் மவுசு வந்தது இந்தப் பயத்தால்தான். ‘ஒரு லைனைப் பத்து மேசைக்குப் பிரிக்கலாம்’ என்று நான் விளக்கினால் தலையாட்டுவார்கள். ‘யார் எந்த நம்பருக்கு எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று பிரின்ட் எடுக்கலாம், வெளிநாட்டுக் கோலை அடைக்கலாம்’ என்றதும் அட்வான்ஸ் கொடுப்பார்கள். 2005ஐ ஒட்டி சி.டி.எம்.ஏ. என்ற கம்பியில்லாப் போன்கள் வந்து லைனுக்குக் காத்திருக்கிற காலமும் முடிந்தது. கூரையில் ஒரு சின்ன அன்டெனா, மேசையில் ஒரு போன். பணம் கட்டிய அன்றே டயல் டோன். அப்போது நம்பரைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிட முடிந்தது: கோட்டுக்குப் பிறகு 2 என்றால் டெலிகொம், 4 சன்டெல், 5 லங்கா பெல். ஒவ்வொரு முதலாளியும் மூன்று கம்பெனியிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்தார்கள், எதிலிருந்து எதற்குப் பேசினால் மலிவு என்று பார்க்க. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் கட்டச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் அதிகம் மாட்டியது பெனசோனிக் கே.எக்ஸ்-டி.ஈ.எஸ். 824. மூன்று வெளி லைன், எட்டு உள் போன்; கார்ட் போட்டால் எட்டும் இருபத்துநான்கும் வரை போகும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாவித்ததும் கிடைக்கும். ஒரு அரிசி ஆலையில் மாட்டிய விதத்தைச் சொல்கிறேன், வேலை விளங்கும். பெட்டியைக் கையில் எடுக்கும் முன் ஆபீஸுக்குப் பின்னால் ஈரமான இடம் பார்த்து ஒரு செம்புக் கோலை நிலத்தில் இறக்கினேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே பின்னேர இடி வெளி லைன் வழியாக உள்ளே வரும். எர்த் இல்லாத பெட்டி ஒரு பருவம் தாண்டாது. பிறகு ஒவ்வொரு வெளி லைனிலும் இடிதாங்கிக் குழாய். விரல் நுனி அளவில் பீங்கான் உருளை, பெட்டி விலையில் ஒரு துளிகூட வராது. கொட்டேசனில் முதலாளிமார் முதலில் வெட்டச் சொல்வதும் அதைத்தான். 101 முதலாளிக்கு, 102 காசாளருக்கு, 103 தராசுக் கொட்டிலுக்கு, 104 களஞ்சியத்துக்கு. தராசுக் கொட்டிலுக்குக் கம்பியை உமி மேட்டுக்கு மேலால் கொண்டுபோனேன். கீழே போட்டால் எலி. பெட்டியைச் சுவரில் உயரத்தில் மாட்டி, கம்பி நுழைகிற துளைகளை மெழுகால் அடைத்தேன். எறும்புக்கு இந்தப் பெட்டியின் சூடு ரொம்பப் பிடிக்கும், முட்டையோடு குடிவந்துவிடும். நான் இத்தனை வருடத்தில் கழுவி எடுத்த போர்ட்களில் இடி விழுந்தவற்றைவிட எறும்பு கட்டியவையே கூட.

இப்படியான ஊர்களுக்கு ஏற்ற எக்ஸ்சேஞ் என்பதை இந்தியாவில் அரசாங்கமே யோசித்திருக்கிறது. 1984இல் தொடங்கிய சி-டொட் நிறுவனம், கிராமத்துக்கென்று ஏ.சி. இல்லாமல் வெயிலிலும் தூசியிலும் ஓடுகிற 128 போர்ட் எக்ஸ்சேஞ் ஒன்றைச் செய்து, 1986இல் கர்நாடகத்தில் கிட்டூரில் வைத்தது. பெட்டியைவிடச் சூழல்தான் செலவு வைக்கும் என்பது தெரிந்தவர்கள் செய்த வேலை. இன்னொரு வழியைக் காட்டியவர் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர். சின்னக் கம்பெனி ஒன்றைத் தொடங்கியவருக்கு ஒரு பி.ஏ.பி.எக்ஸ். வாங்க வசதியில்லை, 1999இல் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருளாகத் தானே ஒன்றை எழுதி, யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். அதுதான் அஸ்டெரிஸ்க். உடவளவைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நான் அதைப் போட்டுக் கொடுத்தேன். மென்பொருளுக்கு ஒரு சதம் இல்லை. ஹோட்டல்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ்., அறைகளுக்கு ஐ.பி. போன், அவற்றுக்குச் சுவிட்ச், ஏதாவது பிழைத்தால் அதைப் புரிந்துகொள்ள ஊரில் ஒரே ஆள். அந்த ஆள் நான். நான் இறக்குவானைக்குக் கலியாணத்துக்குப் போன நாளில் அவருடைய போன் நின்றால் நின்றதுதான். இலவசம் என்று சொல்லி அதை விற்க இப்போது எனக்கு மனம் வருவதில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாக் கணக்கும் வெளியே வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. பைபர் போட்டவர்களின் ரவுட்டர் கண்ணை மூடியது. கொஞ்ச நேரத்தில் கோபுரங்களின் பெட்டரி இறங்கி மொபைல் சிக்னலும் மெலிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுப் பெட்டரி வாங்கவும் வழியில்லை. பழைய செம்பு லைனுக்கு மட்டும் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பியிலேயே 48 வோல்ட்டாக வருகிறது. எக்ஸ்சேஞ்சில் பெட்டரி இருக்கும் வரை பேசலாம். அந்தப் பெனசோனிக் பெட்டியில் ஒரு ஏற்பாடு உண்டு: கரண்ட் போனால் முதல் வெளி லைன் தானாக முதல் உள் போனுக்கு நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். 101இல் முதலாளி வைத்திருந்த விலை உயர்ந்த டிஸ்பிளே போன் அதற்கு உதவாது. சாதாரணப் போன் இருக்க வேண்டும். அந்த ஆலைக்கு ஓடிப்போய் முந்நூறு ரூபா பெறாத ஒரு பழைய போனை அந்த இடத்தில் மாட்டினேன். இருட்டுக்குள் நெல் விலை பேசினார்கள்.

இப்போது ஆளுக்கொரு வட்ஸ்அப் இருக்கிறது. தோட்டத்துக் கிளாக்கர் உர ஓடரைப் படம் பிடித்து அனுப்புகிறார், 045, 047 எல்லை அதில் கிடையாது. மூன்று மேசைக்கு மேல் இல்லாத கடை பெட்டியே வாங்க வேண்டாம். ஒரு நல்ல மொபைல் நம்பர், அதை முதலாளியின் பெயரில் எடுத்த சிம்மில் வைத்திருந்தால் போதும். கடைப் பையன் பெயரில் சிம் எடுத்து, அவன் வேலையை விட்ட நாளில் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் இழந்தவர்கள் இந்த டவுனில் இருக்கிறார்கள். ஆலை, ஹோட்டல், பத்து ஆளுக்கு மேல் உள்ள இடங்கள் பெட்டி வாங்கலாம். என்னிடம் விலை கேட்கும்போது எர்த்துக்கும் பெட்டரிக்கும், பழுதென்றால் அன்றைக்கே வருகிற ஆளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். இன்னும் செம்பு லைன் உள்ளவர்களுக்கு ஒன்று: மாத வாடகை வீண் என்று அதை வெட்ட எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பைபர் வந்த தெருவில் அது திரும்பக் கிடைக்காது.